சித்தி நின்ற பக்கம்

வேலணையில் கோல்ஃப் தடி இருக்கிற ஒரே வீடு எங்களுடையதுதான் என்று துணிந்து சொல்வேன். குசினிக் கதவுக்குப் பின்னால், வீடு கூட்டுகிற தும்புத்தடிக்குப் பக்கத்தில் அது இன்றைக்கும் சாத்திக் கிடக்கிறது. அம்மா அதைக்கொண்டு முருங்கைக்காய் இழுப்பாள். அடுத்த வளவு ஆடு உள்ளே வந்தால் ஓங்கிக்கொண்டு ஓடுவாள். அகப்பை மாதிரிச் சரிந்த தலை அதற்கு. முருங்கைக்காய்க்குத் தோதே இல்லை. "கனடாவில இருந்து வந்த சாமான், சும்மா கிடக்கட்டுமோ?" என்று அம்மா விடமாட்டாள். எனக்கு அதைத் தொட்டாலே சித்தியின் ஞாபகம் வந்துவிடும். அதனால் வீடு கூட்டும்போதுகூட அதை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டிவிட்டுப் போவேன்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். எனக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவதும், பேன் பார்ப்பதும், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் அம்மாவுக்குத் தெரியாமல் மறைப்பதும் அவள்தான். இரவில் அவளுக்குப் பக்கத்தில்தான் என் பாய். சண்டை முடிந்து, கல்யாணச் சாதகங்கள் மறுபடி ஊரூராய்ப் போய்வரத் தொடங்கியபோது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. இனி எங்கே என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். ஊருக்கு அது கவலை, எனக்கு அது ஆறுதல்.

மாப்பிள்ளை ஊர்காவற்றுறைக்காரர். இளந்தாரியாகக் கனடா போனவர், முன்தலை வழுக்கை விழத் தொடங்கிய பிறகு பெண் எடுக்க வந்தார். நயினாதீவு அம்மன் கோயிலில் தாலி கட்டு. தீவிலே பிறந்த மனுசன், திரும்பி வருகிறபோது படகு கொஞ்சம் ஆடினதுதான், பட்டு வேட்டியோடு தலையை வெளியே நீட்டிச் சத்தி எடுத்தார். சித்தி கூறைச் சேலையோடு குனிந்து அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். கல்யாணப் படங்களில் எல்லாவற்றிலும் இருவரும் விறைத்துப்போய் நிற்கிறார்கள். அந்த முதுகு தடவலை ஒருவரும் படம் எடுக்கவில்லை. லீவு முடிந்து அவர் போய்விட்டார். சித்தியைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் தொடங்கியது.

அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் தரகர் சொன்னதைத்தான் நாங்களும் சொன்னோம்: கோல்ஃப் கிளப்பில். அது அம்மாவின் வாயில் கொஞ்ச நாளில் வளர்ந்துவிட்டது. சங்கக்கடை வரிசையில் நிற்கும்போது, "எங்கட மாப்பிள்ளை கோல்ஃப் விளையாடுறவர்" என்றாள். அதற்கடுத்த கிழமை அவர் மற்றவர்களுக்குப் பழக்குகிறவராகவும் ஆகிவிட்டார். ஐயோ, அம்மாவிடம் ஒரு கதையைக் கொடுத்தால் அது சும்மா திரும்பி வராது.

சித்தப்பா வீடியோவில் வருவது எங்களுக்குப் பின்னேரம். அங்கே அப்போதுதான் விடியப்போகும் நேரம். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்பார். முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து. கோல்ஃப் விளையாட எதற்கு ரப்பர் சப்பாத்து என்று எனக்கு ஒரு யோசனை, கேட்கவில்லை. சித்தி முகம் கழுவி, பொட்டு வைத்து, போனுக்கு முன்னால் போய் இருப்பாள். நான் அவள் மடியில். கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. "சாப்பிட்டீங்களோ?" "ஓம். நீர்?" "ஓம்." அங்கே குளிர் என்பார். இங்கே வெயில் என்பாள். போனை வைத்ததும் சித்தி பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போவாள்.

ஒருநாள் கதை முற்றாக வற்றிப்போன இடத்தில், "உந்தக் கோல்ஃப் எண்டால் என்ன?" என்று சித்தி கேட்டாள். அவ்வளவுதான், மனுசன் வாய் திறந்தார். முகமே மாறிவிட்டது. தூரத்துக்கு அடிக்கிற அடிகளைப் பற்றி அவர் கதைத்ததே இல்லை. குழிக்குக் கிட்ட வந்த பிறகு அடிக்கிற சின்ன அடிகள்தான் அவருடைய சமாச்சாரம். எல்லாம் பந்தை எங்கே வைத்து நிற்கிறோம் என்பதில்தான் இருக்கிறது என்றார். வலக்கால் பக்கம் பந்து இருந்தால் அது தாழப் போய்த் தரையோடு ஓடும். இரண்டு காலுக்கும் நடுவில் இருந்தால் கொஞ்சம் எழும்பும். இடக்கால் பக்கம் வைத்துப் பூப்போல அடித்தால் உயர எழும்பி, விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒரு பாதத்து அகலத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். சித்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அன்றைக்குப் போனை வைக்கும்போது, "நாளைக்கு மிச்சத்தைச் சொல்லுங்கோ" என்றாள். நாளைக்கு என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நாளில், ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் கையில் ஒரு தடியும் மூன்று பந்தும் கொடுத்து அனுப்பியிருந்தார். தடி பழசு, பிடியில் பாசி பிடித்த மாதிரி ஒரு கறை. பந்துகள் மூன்றும் மூன்று விதம். ஒன்றில் யாரோ சிவப்புப் பேனையால் ஒரு சிரிக்கிற முகம் கீறியிருந்தார்கள். சித்தப்பா கீறியது என்று நினைத்து அந்தப் பந்தைச் சித்தி தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

எங்கள் வளவுக்குப் பின்னால் தரவை. மாடுகள் மேய்கிற உப்புப் புல்வெளி, அப்பால் கடல். அங்கேதான் பயிற்சி. ஓலைக் கடகத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கல்லுக்கு முட்டுக்கொடுத்துப் போனை நிறுத்துவோம். போனுக்குள்ளே சித்தப்பா தன்னுடைய அறையில் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்று காட்டுவார். தன் தடியை எங்களுக்கு அனுப்பிவிட்டபடியால் பாவம் தும்புத்தடி பிடிக்கிறார் என்று எனக்கு இரக்கம். சித்தி வீட்டில் போடுகிற சோட்டியை ஒதுக்கிக்கொண்டு அவரைப் பார்த்துப் பார்த்து அப்படியே நிற்பாள். பந்தை நகர்த்துவது என் பொறுப்பு.

பந்து ஓடியது. எழும்பத்தான் இல்லை. அடித்தால் மண்ணுக்குள் குத்தி, ஒரு துள்ளுத் துள்ளி, உருண்டுபோய்ச் சாணியில் நிற்கும். "இடக்கால் பக்கம் கொஞ்சம் தள்ளி வையும்" என்பார் சித்தப்பா. தள்ளி வைத்தேன். எழும்பவில்லை. "இன்னும் கொஞ்சம்." எழும்பவில்லை. சோளகக் காற்று என்றார். உங்கட மண் உப்பு மண் என்றார். பந்து நாளுக்கு நாள் நகர்ந்து இடக்காலையும் தாண்டிவிட்டது. "இனி வேலிக்கு அங்கால கொண்டுபோய்த்தான் வைக்கோணும்" என்று சித்தி சொல்ல, அவர் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டோம். இரண்டு பந்துகள் பற்றைக்குள் போய்த் தொலைந்தன. தலையணைக்குக் கீழே இருந்ததை எடுக்க மனமில்லாமல், சித்தி தேசிக்காயை வைத்து அடிக்கத் தொடங்கினாள். ஊறுகாய்க்கு வைத்த தேசிக்காய் எங்கே போகிறது என்று அம்மா ஒரு கிழமையாக என்னைச் சந்தேகப்பட்டாள்.

இதற்குள் கொழும்பு எம்பசியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவை முந்தின வருசம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கணவனைப் பற்றிக் கேட்டதற்கு வாய் திறக்கத் தெரியவில்லை, இது உண்மையான கல்யாணமில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த அக்கா அதற்குப் பிறகு கோயிலுக்குக்கூட வருவதில்லை. எங்கள் சித்திக்கோ காட்டுவதற்கு ஒரு லீவுக் காலமும் விறைத்த படங்களும்தான். "மறுத்தாங்கள் எண்டால் இவளின்ரை வாழ்க்கை போச்சு" என்று அம்மா அப்பாவிடம் சொல்லி அழுததைக் கேட்டேன். சித்தியைப் பார்த்து, "உந்தக் கோல்ஃபைப் பற்றி வடிவாப் படிச்சு வை. கட்டாயம் கேப்பாங்கள்" என்றாள்.

பத்து வயது மூளைக்கு விசயம் தெளிவாகிவிட்டது. கொழும்பில் கோல்ஃப் சோதனை வைக்கப்போகிறார்கள். சித்தி பாஸ் பண்ணினால் கனடா. பெயில் என்றால் என் பக்கத்துப் பாயிலேயே இருப்பாள். பந்து எழும்பாத ஒவ்வொரு பின்னேரமும் எனக்குள்ளே ஒரு சந்தோசம், யாருக்கும் காட்டாத சந்தோசம். நயினாதீவு நாகபூசணி அம்மனிடம்கூட ஒரு சொல்லுச் சொல்லி வைத்தேன். சித்திக்காக அம்மாவும் அதே அம்மனிடம்தான் நேர்த்தி வைத்திருந்தாள். அம்மன் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு விடியக்காலை, போன் இல்லாமல் சித்தி தனியாக அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். என்னிடமும் ஒரு அடி அடிக்கச் சொன்னாள். அவள் நின்ற பக்கத்தில் புதுச் சாணி கிடந்தது. நான் சுற்றிப்போய் மற்றப் பக்கத்தில் நின்று, தடியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுவை இழுத்தேன். தேசிக்காய் எழும்பியது. பனை வடலிகளுக்கு மேலால், கிடுகு வேலிக்கு மேலால், வானத்தில் பச்சையாகப் போய், அடுத்த வளவு மாட்டுக்கொட்டில் தகரத்தில் டமார் என்று விழுந்தது. மாடு கத்தியது. வீட்டுக்காரர் கத்தினார். நாங்கள் இரண்டு பேரும் குந்தி இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பிறகு சித்தி தடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் கோடு போட்ட சரிந்த முகம், மற்றப் பக்கம் முதுகு. இவ்வளவு நாளும் அவள் முதுகால் அடித்திருக்கிறாள். சித்தி பள்ளிக்கூடத்தில் நடனம் பழகியவள். நடன ரீச்சர் பிள்ளைகளுக்கு எதிரே நிற்பார். தான் இடக்காலை வைத்துக் காட்ட, பிள்ளைகள் வலக்காலை வைக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நிற்பது மாதிரி. அந்தப் பழக்கத்தில், போனுக்குள் சித்தப்பா ஒரு பக்கம் நிற்க இவள் கண்ணாடி பார்த்ததுபோல் மற்றப் பக்கம் நின்றுவிட்டாள். அவருடைய வலம் இவளுக்கு இடம். பந்தை எங்கே வைத்தும் சரிவராததற்குக் காரணம் பந்து இல்லை.

"சித்தப்பாட்டைச் சொல்லுவம்! அவர் இவ்வளவு நாளும் கவனிக்கேல்லை!" என்று நான் துள்ளினேன். சித்தி என்னோடு துள்ளவில்லை. தடியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே புல்லில் இருந்துவிட்டாள். "ஓமடி, அவர் கவனிக்கேல்லை" என்று மெதுவாகச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. பிறகு என் கன்னத்தைப் பிடித்து, "இதை அவரிட்டைச் சொல்லக் கூடாது. அம்மாட்டையும் சொல்லக் கூடாது. சொன்னியோ, உன்னோட கதைக்கவே மாட்டன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். போய்ப் பல்லு மினுக்கு என்றாள்.

அன்று பின்னேரம் சித்தப்பா வீடியோவில் வந்தார். சித்தி போய்ப் பழைய பக்கத்திலேயே நின்றாள். தடியின் முதுகால் ஓங்கி மண்ணைக் குத்தினாள். தேசிக்காய் உருண்டு போனது. "இடக்கால் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாரும்" என்றார் அவர். "ஓம், பாப்பம்" என்றாள் இவள், ஒன்றும் தெரியாதவள் போல. அன்றிலிருந்து விடியக்காலையில் சரியான பக்கம் நின்று, வேலிக்கு மேலால் தேசிக்காயை எழுப்பி விளையாடுவாள். பின்னேரம் பிழையான பக்கம் நின்று, எழும்பாத பந்துக்கு அவரிடம் வழி கேட்பாள். அவரும் சலிக்காமல் சொல்லுவார். கதை வற்றவே இல்லை.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சித்திக்குக் கனடா போக விருப்பமில்லை. என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், சோதனையில் பெயிலாவதற்காகத்தான் பிழையாகவே பழகுகிறாள். எவ்வளவு நல்ல சித்தி! அந்த நாட்களில் நான் அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு நித்திரைகொண்டேன்.

கொழும்புக்கு வாடகைக்கு வான் பிடித்துக் குடும்பமாகப் போனோம். எம்பசி வாசலில் எங்களை நிற்பாட்டிவிட்டு அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். அம்மா எதிர்ப்பக்க மரத்துக்குக் கீழே நின்று வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கனநேரம் கழித்துச் சித்தி வெளியே வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. நான்தான் முதலில் ஓடிப்போய்க் கேட்டேன்: "கோல்ஃப் கேட்டவங்களோ?"

"கேட்டவங்கள்."

"எந்தப் பக்கம் நிண்டனீங்கள்?"

"பின்னேரம் நிக்கிற பக்கம்தான்" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. திரும்பி வருகிற வழியெல்லாம் வானில் அவளுடைய மடியில் தலை வைத்து நிம்மதியாக நித்திரைகொண்டேன். பெயில், கட்டாயம் பெயில்.

விசா வந்துவிட்டது. அம்மா நேர்த்தியை நிறைவேற்ற நயினாதீவுக்குப் படகு ஏறினாள். நான் போகமாட்டேன் என்று நிலத்தில் உருண்டேன். அந்த அம்மனோடு எனக்குக் கோபம், எம்பசிக்காரனோடு கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்தியோடு கோபம். பிழையாக நின்றவளுக்கு எப்படி விசா கொடுத்தான்? போகிற அன்றைக்குத் தடியை என் கையில் தந்து, "நீ வைச்சிரு" என்றாள். சிரிக்கிற முகம் கீறிய பந்தை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். வான் ஒழுங்கை முடக்கால் திரும்பிய பிறகுதான் ஓடினேன். ஓடி என்ன செய்ய? அன்றிரவு பக்கத்தில் பாய் இல்லை.

அவள் போனபோது இருந்த வயதை இப்போது நானும் நெருங்கிக்கொண்டிருக்கிறேன். பாலத்து வீதியால் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சித்தி வீடியோவில் வருவாள். தலை நரைத்துவிட்டது. நேரில் வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் மழை மாதத்தில். தரவை முழுக்கத் தண்ணி. அவளுடைய கையால் ஒருதரம் தலை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த வயதிலும் எனக்கு ஆசை இருக்கிறது. அதைச் சொன்னால் அழுவாள் என்று சொல்வதில்லை.

போன கிழமை பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு எம்பசியில் என்னதான் நடந்தது என்று கேட்டேன். சித்தப்பா வேலைக்குப் போய்விட்டாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரரும், தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு அக்காவும் இருந்தார்களாம். கணவர் கோல்ஃப் விளையாடுவாரா என்று கேட்டார்களாம். இல்லை என்றாளாம் சித்தி. "அவர் விளையாடுறதில்லை. அங்க புல்லு வெட்டுறவர் எண்டு நினைக்கிறன்." அவர் வாயால் சொன்னதா என்று கேட்டார்களாம். "இல்லை. விளையாடத் தெரிஞ்ச ஆளெண்டால் நான் பிழையான பக்கம் நிக்கிறதை முதல்நாளே கண்டிருப்பார்." ரப்பர் சப்பாத்து, குழிக்குக் கிட்ட உள்ள புல்லை மட்டும் அறிந்த பேச்சு, குளத்துக்குள் யாரோ எறிந்துவிட்டுப்போன தடி, ஆளாளும் தொலைத்துவிட்டுப்போன பந்துகள். அந்த விடியக்காலை தரவையில் இருந்து அவள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறாள். புல்லு வெட்டுகிற மெசினில் இருந்தபடி, மற்றவர்கள் பந்து வைப்பதைப் பார்த்துப் பார்த்து, மறுநாள் தனக்குச் சொல்வதற்கென்று ஒரு மனுசன் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பதையும்.

வெள்ளைக்காரர் மூலையில் நின்ற குடையை எடுத்து நீட்டி, எப்படி நிற்பீர்கள் என்று காட்டச் சொன்னாராம். இவள் எழும்பிப் போய்ப் பின்னேரப் பக்கம் நின்றாளாம். அந்த மனுசனுக்குக் கோல்ஃப் தெரியும் போல. சிரித்துவிட்டு, அது பிழை, மாறி நிற்கிறீர்கள் என்றாராம்.

"தெரியும் சேர்" என்றாளாம் சித்தி. "எனக்குத் தெரியும் எண்டது அவருக்குத் தெரியாது. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ."

அந்த அக்கா அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்ததாம். அவர் பேனையை மூடிவிட்டாராம்.

இன்றுவரை சித்தி அதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. போன புதிதில் அவர் அவளை வேலை இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், குழியைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரிக் கிடந்த புல்லைக் காட்டி, "இதுதான் நான் வெட்டுறது" என்றாராம். நல்ல வடிவு என்றாளாம். அவ்வளவோடு அந்தக் கதை முடிந்தது.

போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் அந்தத் தடியைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு பின்னேரமும் சித்தி பிழையான பக்கம் நிற்க நிற்க, இனி இவள் எங்கேயும் போகமாட்டாள் என்று நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன். பிழை என்று தெரிந்துகொண்டே அந்தப் பக்கத்தில் போய் நின்ற முதல் பின்னேரமே அவள் எங்களை விட்டுப் போய்விட்டாள் என்பது, பக்கத்தில் குந்தி இருந்து பந்தை நகர்த்திக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.